ஓவியத்தில் உள்ள அங்கியைக் கோடாலிக்கருப்பூர்த் துணி என்று எழுதலாமா?

அரிசிலாற்றங்கரை (கும்பகோணம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் தஞ்சை மராட்டியர் கால உடைகளைப் பற்றிய கட்டுரைகளை நானும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து விரிவாக்கி வருகிறோம். கோடாலிக்கருப்பூர்ப் புடவையைப் பற்றிய பகுதி என் பங்குக்கு வந்தது. கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் அந்தச் சிற்றூரில் சரிகை கோத்து நெய்து, மெழுகு வைத்துச் சாயமேற்றிய துணி தஞ்சை அரண்மனைக்குப் போனது என்பதும், 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்து, கிழக்கிந்தியக் கும்பினியார் தஞ்சையை எடுத்துக்கொண்ட பிறகு வாங்குவாரின்றித் தொழில் மெல்ல மெல்ல நின்றுபோனது என்பதும் நூல்களில் தெளிவாகவே இருக்கின்றன. எழுதுவதற்குச் செய்தி போதும். சிக்கல் படத்தில்தான் வந்திருக்கிறது.

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றின் இணையச் சேகரத்தில் ஒரு தஞ்சாவூர் ஓவியம் இருக்கிறது. முக்கோண வடிவத் தலைப்பாகை அணிந்த ஒருவர் திண்டில் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே இறங்கும் அங்கி, இடையில் கச்சை, வலக்கையில் ஒரு பூ. அங்கியின் நிறம் மங்கிய செம்பழுப்பு. அதன்மேல் நெருக்கமாகப் பொன்னிறச் சிறு பூக்கள். அருங்காட்சியகத்தின் விவரக் குறிப்பில் ‘தஞ்சை அரசர், இரண்டாம் சரபோஜியாக இருக்கலாம், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. துணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அதே படத்தை வேறொரு கட்டுரையில் யாரோ சேர்த்து, ‘கோடாலிக்கருப்பூர் அங்கியில் மன்னர் சரபோஜி’ என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். நிறமும் பூவும் நூல்களில் உள்ள வருணனைக்குப் பொருந்துவதாகவே எனக்கும் தோன்றுகிறது. இருந்தாலும் அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (தொகுப்பவர்கள் கலந்துபேசும் பக்கம்) ஒருவர் ‘சான்று எங்கே’ என்று கேட்டிருப்பதால், அதற்கு விடை தெரியாமல் என் கட்டுரையில் அந்தப் படத்தைப் பயன்படுத்த மனம் வரவில்லை.

ஓவியத்தைப் பார்த்து இது இன்ன ஊர்த் துணி என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால், உருவப்படங்களை உடை வரலாற்றுக் கட்டுரையில் எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம்? இதற்கு முன் இப்படிப்பட்ட வேலையில் ஈடுபட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அந்தப் படத்தைப் பொதுவகத்தில் (விக்கிப்பீடியாவுக்கான கட்டற்ற படக் களஞ்சியம்) ஏற்றலாமா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

தறிக்குழி (திருபுவனம்) எழுதியது:

தம்பி, எழுதுவதற்கு முன்னால் கேட்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் பட்டுத்தறிக் குடும்பத்தைச் சேர்ந்தவன். கருப்பூர்ப் புடவை நான் நெய்ததில்லை. இன்று நெய்தவர் என்று சொல்லிக்கொள்ளவும் யாரும் இல்லை. ஆனால் அந்தத் துணியின் வேலை எப்படிப்பட்டது என்பது, தறியில் உட்கார்ந்தவனுக்குத் துணியையே பார்த்தால் புரிந்துவிடும்.

பாவும் ஊடையும் நயமான பருத்தி. புட்டா, அதாவது சிறு பூ, வர வேண்டிய இடத்தில் மட்டும் சரிகையைத் தனி ஊடையாகச் சேர்த்து, இழை எண்ணிக் கையால் கோத்து நெய்திருப்பார்கள். இன்றைக்கு ஜம்தானி என்று எல்லோரும் சொல்லும் முறைதான் அது. சரிகை துணியின் அகலம் முழுவதும் ஓடாது. பூவின் ஓரத்தைத் தொட்டதும் திரும்பிவிடும். ஆகவே புறப்பக்கத்தில் தொங்கும் இழை இருக்காது. தறியிலிருந்து துணி இறங்கிய பிறகு சாயக்காரரின் வேலை தொடங்கும். இந்தப் பக்கத்துக் கலம்காரிக்காரர்கள் செய்வதுபோலவே கடுக்காயும் பாலும் ஊட்டி வெயிலில் காயவைத்து, கறுப்புக் கோட்டுக்கு இரும்பும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரையும், சிவப்புக்குப் படிகாரத்தையும் சாயவேரையும், நிறம் ஏறக் கூடாத இடத்துக்கு மெழுகையும் பயன்படுத்துவார்கள். சிவப்பு பருத்தியில் பிடிக்கும், சரிகையில் பிடிக்காது. நெய்தவன் விட்டுப்போன பூவுக்குச் சாயக்காரன் கறுப்பில் ஓரம் கட்டுவான். இரண்டு கை சேர்ந்து ஒரே பூவைச் செய்வதுதான் கருப்பூர்த் துணியின் தனித்தன்மை. வெறும் சரிகைப் புட்டா எந்த ஊரிலும் உண்டு, வெறும் கலம்காரியும் பல ஊரில் உண்டு. இரண்டும் ஒரே துணியில், ஒரே பூவில் கூடியிருப்பதைக் கண்டால்தான் கருப்பூர் என்ற பேச்சுக்கே இடம்.

இப்போது உங்கள் படத்துக்கு வருவோம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கியில் உள்ள பொன் பூக்களின் ஓரம் லேசாகப் புடைத்திருக்கிறது. ஒரு பக்கம் மெல்லிய நிழல்கூட விழுகிறது. அது பலகைப் படம். நம் தஞ்சாவூர்ப் பலகைப் படத்தில் பலகைமேல் துணி ஒட்டி, மக்கு (சுண்ணப் பசை) வைத்து மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கை (தங்கத் தகடு) ஒட்டுவார்கள். சாமியின் கிரீடமானாலும், மண்டபத் தூணானாலும், திண்டின் குஞ்சமானாலும் பொன் வந்தே தீரும். ஆகவே அந்தப் படத்தில் அங்கியின்மேல் பொன் இருப்பது, நெசவில் சரிகை இருந்தது என்பதற்கு அடையாளமே ஆகாது. அது ஓவியரின் வேலைமுறை. திண்டில் உள்ள பூவையும் அங்கியில் உள்ள பூவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே அச்சு.

முழங்கையைப் பாருங்கள். கை மடங்கி அங்கியில் நான்கு மடிப்பு விழுந்திருக்கிறது. மெய்யான துணியாயிருந்தால் மடிப்புக்குள் போகும் பூ பாதியாகத் தெரிய வேண்டும், சாய வேண்டும், சில மறையவும் வேண்டும். இங்கே ஒரு பூவும் குறையவில்லை. தரையில் விரித்த துணிபோல வரிசை தப்பாமல் போகின்றன. ஓவியர் நிறத்தைப் பூசி, மடிப்புக்குக் கோடு போட்டு, எல்லாம் முடிந்த பிறகு பூக்களை மேலே வைத்துக்கொண்டே போயிருக்கிறார். அது குறையன்று, அந்த மரபு அப்படித்தான். ஆனால் துணியின் கட்டமைப்பைப் பற்றிய செய்தியை அந்தப் பூவிடமிருந்து வாங்க முடியாது. கறுப்பு ஓரமும் எங்கும் இல்லை.

சிவப்பில் பொன் பூ என்றால் காசிக் கின்காப்பும் (சரிகைப் பட்டு) இருக்கிறது, பைத்தான் பட்டும் இருக்கிறது. மராட்டியர் அரண்மனைக்குப் பல ஊர்ச் சரக்கு வந்திருக்கும். துணி கையில் இருந்தால் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடலாம். படத்தைத் திருப்பினால் பலகைதான் இருக்கிறது.

வெண்ணாற்றுக்கரை (தஞ்சாவூர்) எழுதியது:

தறிக்குழி ஐயா துணியைப் பற்றிச் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆளைப் பற்றிச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பட விளக்கத்தில் கேள்விக்குரியது துணி மட்டும் அன்று. ‘சரபோஜியாக இருக்கலாம்’ என்று அருங்காட்சியகம் எழுதியது, நம் கட்டுரைக்கு வந்து சேர்வதற்குள் ‘மன்னர் சரபோஜி’ ஆகிவிட்டது. முக்கோணத் தலைப்பாகையை வைத்துப் பார்த்தால், 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜியும் அவருக்குப் பின் 1855 வரை இருந்த மகன் சிவாஜியும் படங்களில் அதே தலைப்பாகையுடன்தான் காணப்படுகிறார்கள். தலைப்பாகை குடும்பத்தைக் காட்டும். தந்தையா மகனா என்று காட்டாது.

ஆளின் பெயர், துணியின் பெயர், படத்தின் காலம் என்று ஒரு பட விளக்கத்தில் மூன்று கூற்றுகள் இருந்தால், மூன்றுக்கும் தனித்தனியே சான்று வேண்டும் என்பதுதான் என் வழக்கம். ஒன்றுக்கு இருக்கும் சான்றை மற்றொன்றுக்கு நீட்டிக்கொள்வதால்தான் இந்தத் துறைக் கட்டுரைகள் பெரும்பாலும் கெடுகின்றன. பெரிய கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கருவறையைச் சுற்றிய உள்வழியில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து வெளியிட்டார். அவற்றுள் தாடி வைத்த முதியவர் ஒருவரும் அவர் பின்னால் இளையவர் ஒருவரும் நிற்கும் பகுதியைக் கருவூர்த்தேவரும் இராசராசனும் என்று பாடப் புத்தகத்திலிருந்து நாட்காட்டிவரை அச்சிட்டுவிட்டோம். அந்த இடத்தில் பெயர் பொறித்த எழுத்து எதுவும் இல்லை. அந்த அடையாளத்தை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் ‘இராசராசனின் சிகையலங்காரம்’, ‘இராசராசன் அணிந்த ஆடை’ என்று அதிலிருந்து பத்தி பத்தியாக எழுதப்பட்டுவிட்டது. முதல் அடையாளம் சரிந்தால் பத்தி முழுவதும் சரியும். அதே ஓவியங்களில் உள்ள ஆடற்பெண்களின் இடையாடையைப் பற்றி எழுதுவதற்கு யாருடைய பெயரும் தேவையில்லை. 11-ஆம் நூற்றாண்டு ஓவியர் அந்த உடையை இப்படித் தீட்டினார் என்று எழுதினால் போதும். உடை வரலாற்றுக்கு அதுதான் பயன்படும். நம்மவர்களுக்கோ அரசன் இல்லாமல் ஒரு படத்தையும் பார்க்கத் தெரியாது!

மறுபக்கம், நம் பகுதியில் பெயரோடு நிற்கும் உருவங்களும் இருக்கின்றன, அவற்றை யாரும் சீந்துவதில்லை. கோனேரிராசபுரத்தில் கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடும் சிற்பத்தின் கீழே, அது அவர் என்றும் செம்பியன் மாதேவியார் எடுத்த கோயில் என்றும் கல்வெட்டே சொல்கிறது. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் உள்ள பாவை விளக்கு மராட்டிய அரச குடும்பத்து அம்முனு அம்மணியின் உருவம் என்பது அதன் பீடத்துத் தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. பிரதாபசிம்மரை மணக்க வேண்டி இலட்ச தீபம் நேர்ந்துகொண்டு, வேண்டுதல் நிறைவேறியதால் வைத்த விளக்கு, ஆண்டு 1853. பெயர், காரணம், காலம் மூன்றும் ஒரே பொருளில் கிடைக்கும்போது, மராட்டியர் காலப் பெண்கள் உடை பற்றிய கட்டுரைக்கு உங்கள் பலகைப் படத்தைவிட அது எத்தனையோ மேல். இவை தவிர, பெரிய கோயில் கல்வெட்டுகளில் குந்தவையார் தம் தாய் தந்தையர்க்கும், தென்னவன் மூவேந்த வேளான் இராசராசனுக்கும் அவர் அரசி உலோகமாதேவிக்கும் படிமம் எடுத்து வைத்த செய்தியும் அவற்றுக்குக் கொடுத்த நகைப் பட்டியலும் விரிவாக இருக்கின்றன. அணிகலன்களின் பெயருக்கு அந்தப் பட்டியலைவிட நல்ல சான்று கிடையாது.

நேரில் பார்த்துச் செய்த உருவம் என்ற பேச்சிலும் கவனம் வேண்டும். சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டிய சுவார்ட்சு தேவாலயத்தில், மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியார் சுவார்ட்சின் கையைப் பற்றிக்கொண்டு சரபோஜி நிற்கும் பளிங்குச் சிற்பம் இருக்கிறது. அரண்மனையில் கை கூப்பி நிற்கும் சரபோஜியின் பளிங்குச் சிலையும் இருக்கிறது. தேவாலயத்தில் இருப்பது இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செய்தது. ஆள் யார் என்பதில் இங்கே ஐயமே இல்லை. ஆனால் பிளாக்ஸ்மன் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். அங்கியின் மடிப்பையும் கச்சையின் முடிச்சையும் அவர் இலண்டனில் தம் பட்டறையில் இருந்துகொண்டு செதுக்கினார். ஆகவே சரபோஜியின் உருவத்துக்கு அது சான்று. அங்கி எப்படித் தைக்கப்பட்டது என்பதற்கு அதைக் காட்ட நான் தயங்குவேன்.

உடைக்குப் படம் வேண்டுமானால், ஐரோப்பியர்களுக்காகத் தஞ்சை முச்சியர் (ஓவியக்காரர்கள்) தீட்டிய தொகுப்புகளையும் பாருங்கள். சாதிக்கும் தொழிலுக்கும் ஓர் இணை என்று கணவனும் மனைவியுமாக நிற்பார்கள். பெரும்பாலும் ஐரோப்பியக் காகிதத்தில் தீட்டியவை என்பதால் ஒரு வசதி உண்டு. ஏற்றுமதியாகும் காகிதத்துக்குத் தீர்வையைத் திரும்பப் பெற வேண்டுமானால் நீர்க்குறியில் (காகிதத்துக்குள்ளேயே பதிந்த அடையாளம்) ஆண்டு இருக்க வேண்டும் என்று 1794-இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு வந்த வாட்மன் போன்ற காகிதங்களை ஒளிக்கு எதிரே பிடித்தால் ஆண்டு தெரியும். படம் அந்த ஆண்டுக்கு முன் தீட்டப்பட்டிருக்க முடியாது. அருங்காட்சியகக் குறிப்பில் நீர்க்குறி பற்றிய வரி இருந்தால் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிக்கல் என்னவென்றால், அவை ஆள் ஆளாகப் பார்த்துத் தீட்டியவை அல்ல. வகை வகையாக, முன் வைத்த படியிலிருந்து திரும்பத் திரும்ப எழுதியவை. அதைச் சொல்லிவிட்டுப் பயன்படுத்தலாம்.

கொள்ளிடத்து வடகரை எழுதியது:

நான் கோடாலிக்கருப்பூருக்குப் பக்கத்து ஊர்க்காரன். நீங்கள் இருவரும் சொல்வது நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் சரி. ஆனால் இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால் எங்கள் ஊர்க் கட்டுரையில் கடைசியில் ஒரு படமும் மிஞ்சாது. மிச்சமிருக்கும் புடவைகள் எல்லாம் அருங்காட்சியகப் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றை யாரும் எங்களுக்குத் திறந்து காட்டப் போவதில்லை. ஊரில் தறியும் இல்லை, துணியும் இல்லை. பெயர் மட்டும்தான் இருக்கிறது. அரசர் படத்தில் செம்பழுப்பு அங்கி இருக்கிறது, அந்த அரண்மனைக்கு அந்தத் துணி போனது என்று நூல் சொல்கிறது, இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில் என்ன பெரிய பிழை வந்துவிடும்? கருப்பூர் கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதற்கான ஆவணங்களையே மேற்கோளாகக் கொடுத்துவிடலாமே. அதுவும் போதாது என்றால், நம் ஊர் வரலாறு வெளிநாட்டுக்காரன் பெட்டியைத் திறந்து ஒப்புதல் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

தறிக்குழி எழுதியது:

ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. தறி நின்றுபோன ஊர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் கேட்டதிலேயே விடை இருக்கிறது. அரண்மனைக்குப் போனது என்று நூல் சொல்கிறது. அதை மேற்கோளோடு எழுதுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை. இந்த அங்கி அந்தத் துணிதான் என்று எந்த நூலும் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்து நாமே மூன்றாவதாக ஒரு முடிவு எடுத்தால் அது சொந்த ஆய்வு, விக்கிப்பீடியாவில் அதற்கு இடம் இல்லை. வெளியே ஓர் ஆய்விதழில் நீங்களே எழுதி வெளியிடுங்கள். பிறகு இங்கே அதை மேற்கோள் காட்டலாம்.

புவிசார் குறியீட்டு விஷயத்தில்தான் மிகவும் கவனமாக இருக்கச் சொல்வேன். குறியீடு பெற்றது ‘கருப்பூர் கலம்காரி ஓவியங்கள்’. சிக்கல்நாயக்கன்பேட்டை, திருப்பனந்தாள் பக்கத்தில் கோயிலுக்காக இன்றும் எழுதுகிறார்களே, தேர்ச்சீலை, தொம்பை (உருளையாகத் தொங்கவிடும் துணி), குடைத்துணி, வாசமாலை, அந்த வேலை. மூங்கில் குச்சியைச் சீவிய கலத்தால் துணிமேல் எழுதுவது. நெசவில் சரிகை கிடையாது. அரண்மனைப் புடவைக்கும் இதற்கும் சாயமும் மெழுகும் பொது, பரம்பரைத் தொடர்பும் இருக்கிறது என்றே சொல்கிறார்கள். ஆனாலும் பொருள் வேறு. இப்போது இணையத்தில் பல இடங்களில் ‘அரச குடும்பத்தினர் உடுத்திய கருப்பூர் புடவைக்குப் புவிசார் குறியீடு’ என்று இரண்டையும் ஒன்றாக்கி எழுதியிருக்கிறார்கள். கலைக்களஞ்சியமும் அதையே எழுதிவிட்டால், இன்று கலம் பிடித்திருப்பவருக்கும் நன்மை இல்லை, அன்று நெய்தவருக்கும் பெயர் இல்லை. தனித்தனிக் கட்டுரையாக வைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணைப்புக் கொடுங்கள்.

படம் இல்லையே என்ற குறைக்கு ஒரு வழி: கலம்காரிக் கட்டுரைக்கு இன்றைய வேலையைப் படம் எடுங்கள். மெழுகு வைப்பது, துணி அலசுவது, கலத்தின் முனை, தொம்பையின் அடிக்கரை என்று எடுத்தால், எழுதுபவரின் அனுமதியோடு நம் சொந்தப் படமாகவே ஏற்றிவிடலாம். புடவைக் கட்டுரையில் ‘சாயமேற்றும் முறை’ என்ற பகுதிக்கு, ‘இதனோடு ஒத்த மெழுகுச் சாய முறை, இன்றைய கோயில் கலம்காரியில்’ என்ற விளக்கத்தோடு அவற்றையே பயன்படுத்தலாம். அதில் பொய் எதுவும் இல்லை.

நாகைத்துறை எழுதியது:

உரிமம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி ஓவியம் என்றால் ஓவியரின் பதிப்புரிமை என்ற கேள்வியே இல்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் போதும். தட்டையான பழைய ஓவியத்தை உள்ளது உள்ளபடி எடுத்த நிழற்படத்துக்குத் தனி உரிமை இல்லை என்ற நிலைப்பாட்டைப் பொதுவகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே ஏற்றலாம். ஆனால் சட்டகம் தெரிந்தால் அதை வெட்டிவிடுங்கள். செதுக்கு வேலையுள்ள மரச் சட்டகம் முப்பரிமாணப் பொருள், அதற்கு இந்த விதி பொருந்தாது. அதே காரணத்தால்தான் சிலை, விளக்கு, நகை, மடித்து வைத்த புடவை போன்றவற்றுக்கு அருங்காட்சியகம் எடுத்த படத்தை எடுத்தாள முடியாது. பொருள் எவ்வளவு பழையதானாலும் படம் எடுத்தவருக்கு அதில் உரிமை உண்டு. ‘வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று போட்டிருக்கும் படமும் பொதுவகத்துக்கு ஆகாது. இலவசமாகத் தருகிறார்களே என்று பலர் ஏற்றி, பிறகு நீக்கப்பட்டு வருந்துகிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதலும், வாசிங்டனின் சுமித்சோனியன் நிறுவனம் 2020 முதலும் தங்கள் சேகரத்தில் இலட்சக்கணக்கான படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டிருக்கின்றன. தென்னிந்தியத் துணிகளையும் செப்புத் திருமேனிகளையும் தேடுகிறவர்கள் முதலில் அங்கே தேடுவது நல்லது.

திருவிடைமருதூர் விளக்கை நீங்களே படம் எடுப்பதானால், 1853-ஆம் ஆண்டுப் பொருளுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி வாங்குவது வேறு விஷயம். அதைச் செயல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பீடத்து எழுத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் தனியாக ஒரு படம் எடுத்தால் பிறகு வாசிக்க உதவும்.

அரிசிலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. உங்கள் கருத்துகளைப் படித்த பிறகு அந்தப் படத்தைக் கோடாலிக்கருப்பூர்க் கட்டுரையில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். தஞ்சாவூர் ஓவியம் பற்றிய கட்டுரையில் இப்படி எழுதலாமா என்று பாருங்கள்: ‘தஞ்சை மராட்டிய அரசர் ஒருவர் (அருங்காட்சியகக் குறிப்பின்படி இரண்டாம் சரபோஜியாக இருக்கலாம்), பலகைமேல் தங்க ரேக்கு வேலை, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. அங்கியின் பூக்கள் புடைப்பாக ஒட்டப்பட்டவை.’ ஏற்கெனவே தவறான விளக்கம் இருக்கும் கட்டுரையிலும் இதையே மாற்றிவிட்டு, பேச்சுப் பக்கத்தில் காரணம் எழுதிவிடுகிறேன்.

கோடாலிக்கருப்பூர்க் கட்டுரைக்கு, அரண்மனை எந்தத் துணியை யாருக்கு, எந்தக் காரணத்துக்குக் கொடுத்தது என்ற செய்தி மோடி ஆவணங்களில் (மோடி என்ற மராட்டிய எழுத்தில் உள்ள அரண்மனை ஆவணங்கள்) கிடைக்குமா? தமிழாக்கம் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கொள்ளிடத்து வடகரை ஐயா ஒப்புக்கொண்டால், ஊரின் இன்றைய படங்களை அவரோடு சேர்ந்து எடுக்க விரும்புகிறேன்.

வெண்ணாற்றுக்கரை எழுதியது:

விளக்கம் நன்றாக இருக்கிறது. ‘பூக்கள் புடைப்பாக ஒட்டப்பட்டவை’ என்பது நீங்கள் கண்ணால் கண்டது, படத்தைப் பார்க்கும் எவரும் சரிபார்க்கக் கூடியது. அதனால் அது நிற்கும். ‘19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி’ என்பதும் அருங்காட்சியகத்தின் கூற்றுதான். அடைப்புக்குறியை அதற்கும் நீட்டிவிடுங்கள். அருங்காட்சியகத்தின் சேகர எண்ணைக் கோப்பு விவரப் பக்கத்தில் எழுத மறக்க வேண்டாம்; அவர்கள் நாளைக்குத் தங்கள் குறிப்பைத் திருத்தினால் நாமும் திருத்த வேண்டியிருக்கும். விக்கித்தரவில் (எல்லா மொழி விக்கிப்பீடியாவுக்கும் பொதுவான தரவுத்தளம்) ‘சித்திரிக்கப்படுபவர்’ என்ற இடத்தில் சரபோஜியை நேராகப் போட்டுவிட்டால் நாம் இங்கே பேசியது அத்தனையும் வீண். அங்கிருந்து வேறு மொழிக் கட்டுரைகளும் அதை எடுத்துக்கொள்ளும். ‘இருக்கலாம்’ என்ற தகைமையைச் சேர்த்தே போடுங்கள்.

மோடி ஆவணங்களின் தமிழாக்கத்தைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. சரசுவதி மகால் நூலகத்திலும் பார்க்கலாம். துணி வாங்கிய கணக்கும் மரியாதை செய்த கணக்கும் ஆங்காங்கே வருகின்றன. ஊர்ப் பெயரோடு துணி வரும் வரிகளை மட்டும் முதலில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், நிறமும் சரிகையும் மட்டும் சொல்லி ஊர் சொல்லாத வரிகளை அதோடு கலக்காதீர்கள்.

கொள்ளிடத்து வடகரை எழுதியது:

படம் எடுக்க வாருங்கள். ஆடியில் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் துணி அலசும் இடம் மாறிவிடும், அதற்கு முன்னால் வந்தால் நல்லது. சிக்கல்நாயக்கன்பேட்டையில் எழுதுகிறவர்களிடம் நானே பேசிவைக்கிறேன். அந்தப் பட விளக்கத்தைப் பற்றி எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் புவிசார் குறியீட்டைப் பற்றித் தறிக்குழி ஐயா சொன்னதை எங்கள் ஊர்க் கட்டுரையில் இன்றே திருத்தியிருக்கிறேன், ஒரு முறை பார்த்துவிடுங்கள்.